பெயர் சொல்லும் பொய்: இணையதள முகவரிகளும் குழந்தைகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் திருத்திய எழுத்து வடிவம்)



2024 நவம்பரில் அமெரிக்கக் கடைகளின் அடுக்குகளிலிருந்து ஒரு வரிசைப் பொம்மைகள் அவசர அவசரமாக இறக்கப்பட்டன. ‘விக்கட்’ என்ற இசைத் திரைப்படம் அந்த மாதம் 22ஆம் தேதி வெளியாகவிருந்தது. அதன் பாத்திரங்களின் உருவில் மேட்டல் நிறுவனம் பொம்மைகள் செய்து சந்தைக்கு அனுப்பியிருந்தது. பெட்டியின் பின்புறத்தில் படத்தின் இணையதள முகவரி. அச்சாகியிருக்க வேண்டியது ‘விக்கட்மூவி டாட் காம்’. அச்சானதோ ‘விக்கட் டாட் காம்’. பின்னது, வயது வந்தோருக்கான படங்களை நெடுங்காலமாகத் தயாரித்து வரும் ஒரு நிறுவனத்தின் முகவரி. மேட்டல் வருத்தம் தெரிவித்தது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெட்டியை எறிந்துவிடுமாறும், இல்லையேல் முகவரியை மறைத்துவிடுமாறும் கேட்டுக்கொண்டது.

இந்தச் சம்பவத்தில் குற்றவாளி யார்? அச்சுப்பிழை விட்ட பொம்மை நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது. யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த முகவரியின் உரிமையாளரோ தன் பெயரில் தன் தொழிலை நடத்திக்கொண்டிருந்தவர். யாரோ ஒருவர் பெட்டியில் தவறாக அச்சிட்டதற்கு அவரைத் தண்டிக்க முடியாது. ஆனாலும் பெட்டியைப் பார்த்து முகவரியைத் தட்டும் ஏழு வயதுச் சிறுமிக்கு நேரக்கூடிய பாதிப்பு மட்டும் மெய்.

இதே பாதிப்பை ஒருவர் வேண்டுமென்றே, கணக்குப் போட்டு, காசுக்காக, ஆயிரக்கணக்கான முகவரிகளில் செய்தால்? இந்த உரையின் பொருள் அதுதான். உரை முன்வைக்கும் கருத்து ஒன்றே: ஆபாசத்தைக் கட்டுப்படுத்துவது வேறு, பெயரால் ஏமாற்றுவதைத் தண்டிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் சட்டம் இரண்டிலும் தோற்கும். பெயரால் ஏமாற்றுவதைத் தனிக் குற்றமாக எடுத்துக்கொண்டால்தான் குழந்தையைக் காக்க முடியும். வயது வந்தோரின் உரிமையிலும் கைவைக்காமல் இருக்க முடியும். அமெரிக்காவில் இதற்கு இருபது ஆண்டு கடந்த அனுபவம் இருக்கிறது. இந்தியாவில் அந்த இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது.

1. எழுத்துப்பிழையை முதலீடாக்கியவர்

பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் சுக்காரினி, 1990களின் இறுதியில் ஒரு சின்ன உண்மையைக் கண்டுகொண்டார். மக்கள் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது தவறு செய்வார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்வார்கள். ஓர் எழுத்து விடுபடும், அல்லது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறும். அந்தப் பிழையான வடிவங்களை முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொண்டால், வழி தவறியவர்கள் எல்லோரும் அவர் வாசலில் வந்து நிற்பார்கள்.

டிஸ்னிலேண்ட் என்ற ஆங்கிலப் பெயரில் ‘எஸ்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி அவர் ஒரு முகவரி வைத்திருந்தார். மழலையர் பார்க்கும் ‘பாப் தி பில்டர்’ தொடரின் பெயரில் ‘யு’வையும் ‘ஐ’யையும் மாற்றி இன்னொன்று. ‘டெலிடபீஸ்’ பெயரில் ஓர் ‘இ’யை விட்டுவிட்டு மற்றொன்று. எந்தப் பெயர்களை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். டெலிடபீஸ் பார்ப்பவர்கள் இன்னும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத குழந்தைகள். அந்த முகவரியைப் பிழையாகத் தட்டுவது மூன்று, நான்கு வயதுப் பிள்ளையாகவோ, அதை மடியில் வைத்திருக்கும் தாயாகவோதான் இருக்க முடியும். குழந்தைகளின் தடுமாற்றம் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டிருந்தது.

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. அப்போது அவரிடம் 5,500க்கும் மேற்பட்ட போலி முகவரிகள் இருந்ததாக ஆணையம் கூறியது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் பெயரில் மட்டும் 41 வடிவங்கள். ‘கார்ட்டூன் நெட்வொர்க்’ தளத்தின் பெயரில் 15. உள்ளே நுழைந்தவர் எளிதில் வெளியே வரவும் முடியாது. ஒரு சாளரத்தை மூடினால் வேறு சாளரங்கள் திறக்கும். பின்செல்லும் பொத்தானை அழுத்தினாலும் அதே கதை. வழக்குக்காக இந்தத் தளங்களை ஆராய்ந்த ஆணைய ஊழியர் ஒருவர் 32 சாளரங்களை ஒவ்வொன்றாக மூடினார். மிச்சம் இரண்டு. சரி, முடிந்தது என்று பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும், முதலில் வந்த அதே ஏழு சாளரங்கள் மறுபடி திரையை நிறைத்தன. விவரம் தெரிந்த அரசு ஊழியருக்கே இந்த நிலை. தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை என்ன செய்திருக்கும்? முகம் வெளிறிக் கணினியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடியிருக்கும். அல்லது, தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கும்.

சாளரம் திறப்பதற்கும் விளம்பரத்தைச் சொடுக்குவதற்கும் சுக்காரினிக்குக் காசு வந்தது. ஒரு சொடுக்குக்கு 10 முதல் 25 சென்ட். அற்பத் தொகைதான். ஆனால் ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 10 லட்சம் டாலர்வரை அவர் சம்பாதித்ததை நீதிமன்றத் தீர்ப்புகள் பதிவு செய்திருக்கின்றன. ஹார்வர்டு ஆய்வாளர் பென் எடல்மன் 2003இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துப்பிழை முகவரிகள் எட்டாயிரத்துக்கும் மேல் இருப்பதைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரில் பாலியல் சாயலே இல்லை. ஆனால் 89 விழுக்காட்டுக்கும் மேல் ஆபாச உள்ளடக்கத்துக்கே இட்டுச் சென்றன.

2. வணிகக்குறிச் சட்டம் காத்தது யாரை?

சுக்காரினியைச் சட்டம் தொடவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வணிக ஆணையம் வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் தோற்றிருந்தார். சுமார் 200 முகவரிகளைப் பறிகொடுத்திருந்தார். அதற்குக் காரணம் 1999 நவம்பரில் அமெரிக்கா இயற்றிய பெயர் அபகரிப்புத் தடைச் சட்டம். ஒரு பெயருக்கு 1,000 டாலர் முதல் 1,00,000 டாலர்வரை இழப்பீடு விதிக்க அது வழிசெய்தது. அதே ஆண்டில், இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பும் பெயர்த் தகராறுகளை நடுவர் மூலம் தீர்க்கும் விதிமுறையைக் கொண்டுவந்தது.

‘ஜோ கார்ட்டூன்’ என்ற பெயரில் அசைபடங்கள் வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் வழக்கு இதில் சுவையானது. அவர் தளத்துக்கு மாதம் 7 லட்சம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெயரைச் சிதைத்து ஐந்து முகவரிகளைச் சுக்காரினி பதிவு செய்தார். வழக்கின் நகல் கையில் கிடைத்த சில மணி நேரத்திலேயே அந்த ஐந்து தளங்களின் உள்ளடக்கம் மாறிவிட்டது. விளம்பரங்கள் மறைந்தன, ஓவியரின் படங்கள் விலங்குகளிடம் கொடுமையைக் காட்டுகின்றன என்று கண்டிக்கும் ‘அரசியல் எதிர்ப்புப் பக்கம்’ முளைத்தது. கருத்துரிமை என்ற கவசத்தை அவர் எடுத்த வேகம் அது. மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, பெயருக்கு 10,000 டாலர் வீதம் 50,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது.

தீர்ப்பு சரியானதே. ஆனால் 50,000 டாலர் போனது ஓவியருக்கு. காக்கப்பட்டதும் அவர் பெயரே. வணிகக்குறிச் சட்டத்தின் கண்ணில் திருட்டுப் போனது ஒரு வணிகரின் நற்பெயர். தவறான வாசலில் போய் விழுந்த குழந்தை அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல, சாட்சிகூட அல்ல. புகழ்பெற்ற நிறுவனம் வழக்கறிஞரை அமர்த்திப் பெயரை மீட்டுக்கொள்ளும். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பெயரோ, நூலகத்தின் பெயரோ, யாரும் வணிகக்குறியாகப் பதிவு செய்யாத ஒரு பொதுச் சொல்லோ அதேபோலத் திரிக்கப்பட்டால் வழக்குப் போட ஆளே இல்லை. ஐம்பது வழக்குகளில் தோற்ற பிறகும் அந்தத் தொழில் லாபமாகவே நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இழப்பீடு என்பது அவருக்குத் தொழில் செலவுகளில் ஒன்றாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2002 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் சுமார் 19 லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்தும்படி சுக்காரினிக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் முகவரிகள் இயங்கிக்கொண்டிருந்தன.

3. பொய்யை மட்டும் பிடித்த சட்டம்

மறுபக்கத்தில் ஆபாசத் தடைச் சட்டங்கள் இருந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1996 பிப்ரவரியில் கையெழுத்தான தகவல்தொடர்பு ஒழுங்குச் சட்டம், இணையத்தில் ‘நாகரிகமற்ற’ எதையும் சிறுவர்களுக்கு எட்டும்படி வைப்பதைக் குற்றமாக்கியது. 1997 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. குழந்தையைக் காக்கும் பெயரில் வயது வந்தோர் பேசவும் படிக்கவும் உள்ள உரிமையைப் பறிக்கிறது என்பது காரணம். 1998இல் வந்த அடுத்த சட்டம் ஒருநாள்கூட அமலுக்கு வராமலேயே பத்தாண்டுகள் நீதிமன்றத்தில் அலைந்து 2009 ஜனவரியில் முடிவுக்கு வந்தது.

இந்தச் சூழலில்தான் அன்று நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவரான மைக் பென்ஸ் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இணையப் பெயர்களில் உண்மை வேண்டும் என்பது அதன் தலைப்பு. 2003 ஏப்ரல் 30 அன்று, குழந்தைப் பாதுகாப்புக்கான பெரிய சட்டமொன்றின் பகுதியாக அது நிறைவேறியது. சட்டத்தின் வாசகம் மிகச் சுருக்கமானது. ஆபாசமானதைப் பார்க்கவைக்க ஒருவரை ஏமாற்றும் நோக்கத்துடன் தவறாக வழிநடத்தும் தளப்பெயரைத் தெரிந்தே பயன்படுத்தினால் 2 ஆண்டுவரை சிறை. சிறுவருக்குத் தீங்கானதைப் பார்க்கவைக்கச் சிறுவரை ஏமாற்றினால் 4 ஆண்டுவரை. 2006இல் அது 10 ஆண்டாக உயர்ந்தது.

இதில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. மாணவர்கள் இவற்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, குற்றத்தின் மையம் உள்ளடக்கம் அல்ல, ஏமாற்றும் நோக்கம். அதே தளத்தை நேர்மையான பெயரில் நடத்தினால் இந்தப் பிரிவு பாயாது. பாலியல் உள்ளடக்கத்தைக் குறிக்கும் சொல் பெயரிலேயே இருந்தால் அந்தப் பெயர் ஏமாற்றுப் பெயர் அல்ல என்று சட்டமே சொல்கிறது. ஆபாசச் சட்டங்களில் அரிதாகவே காணக் கிடைக்கும் ஏற்பாடு இது: உள்ளே இருப்பதை வாசலிலேயே வெளிப்படையாகச் சொல்பவனுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

இரண்டாவது, சிறுவருக்குத் தீங்கானது எது என்பதற்கான இலக்கணம். சிறுவர்களுக்கு இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் பயன் உள்ளவை அந்த இலக்கணத்துக்குள் வரா. பருவமடைதல் பற்றி மகளுக்கு விளக்கும் மருத்துவரின் தளமோ, பாலியல் கல்வித் தளமோ, தொல்லைக்கு ஆளான சிறுவர் உதவி தேடும் தளமோ இதில் சிக்காது. இப்படி ஒரு விதிவிலக்கு இல்லாத சட்டம் குழந்தைக்குப் பாதுகாப்புத் தராது. அதன் அறியாமையை நீட்டிக்கத்தான் உதவும்.

சட்டம் வந்த நான்கு மாதங்களில், 2003 செப்டம்பர் 3 அன்று, புளோரிடாவின் ஹாலிவுட் நகரில் ஒரு விடுதியில் சுக்காரினி கைதானார். இந்தப் பிரிவின்கீழ் கைதான முதல் ஆள் அவர். வழக்கை நடத்திய நியூயார்க் தெற்கு மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர், பின்னாளில் எஃப்பிஐ இயக்குநரான ஜேம்ஸ் கோமி. டிசம்பரில் இந்தப் பிரிவின்கீழ் 49 குற்றங்களையும், குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்த குற்றத்தையும் சுக்காரினி ஒப்புக்கொண்டார். 2004 பிப்ரவரியில் 30 மாதச் சிறைத்தண்டனை. ஐம்பது உரிமையியல் வழக்குகளால் நிற்காத தொழில் சிறைக்கதவு முன் நின்றது.

சட்டம் தொடாத ஒருவரையும் சொல்ல வேண்டும். வெள்ளை மாளிகையின் அரசுத் தளம் ‘டாட் கவ்’ என்று முடியும். அதையே ‘டாட் காம்’ என்று முடித்து 1997இல் ஒருவர் ஆபாசத் தளம் தொடங்கினார். பள்ளிப் பாடத்துக்காக அதிபரைப் பற்றித் தேடிய பிள்ளைகள் அங்கே போய் விழுந்த கதைகள் அமெரிக்காவில் பிரபலம். வெள்ளை மாளிகை வழக்கறிஞர்கள் கடிதம் எழுதிப் பார்த்தார்கள், தளம் தொடர்ந்தது. 2004இல் உரிமையாளரே அந்தப் பெயரை விற்க முடிவு செய்தார். தன் மகன் மழலையர் பள்ளியில் சேரும் வயதை எட்டப்போகிறான் என்பதை அவர் காரணமாகச் சொன்னார்.

4. தண்டனையைவிடக் கட்டணம் சாதித்தது

குற்றவியல் சட்டத்தின் எல்லையையும் இதே மனிதரின் கதையிலேயே பார்க்கலாம். சிறையிலிருந்து வந்த பிறகு, 2007இல், நீதிமன்ற ஆணையை மீறியதாக வணிக ஆணையம் அவர்மீது மறுபடி குற்றம் சாட்டியது. 1,64,000 டாலரைக் கொடுத்து அவர் அந்த வழக்கை முடித்துக்கொண்டார்.

இந்தத் தொழில் ஏன் சாத்தியமானது? பெயர்களின் விலை வீழ்ந்ததால். 1990களின் நடுவில் ஒரே நிறுவனம் பெயர்களைப் பதிவு செய்தது. ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம். அந்த விலையில் எட்டாயிரம் பிழைகளை வாங்கி வைப்பது பெரும் முதலீடு. 1999இல் போட்டி வந்ததும் விலை சரிந்தது. பெயர் வாங்கி 5 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற சலுகையும் இருந்தது. லட்சக்கணக்கான பெயர்களைப் பதிவு செய்து, எந்தப் பிழையில் ஆள் வருகிறார்கள் என்று ஐந்து நாள் பார்த்து, தேறாதவற்றைத் திருப்பித் தருவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. ‘சுவை பார்த்தல்’ என்றுதான் அதைச் சொல்வார்கள்.

2008இல் ஐகான் ஒரு சின்ன மாற்றம் செய்தது. ஓர் அளவுக்கு மேல் பெயர்களைத் திருப்பித் தரும் பதிவாளர், அதாவது பெயரை விற்கும் நிறுவனம், கட்டணம் செலுத்த வேண்டும். 2008 ஜூனுக்கும் 2009 ஏப்ரலுக்கும் இடையில் அப்படித் திருப்பித் தரப்பட்ட பெயர்களின் எண்ணிக்கை 99.7 விழுக்காடு குறைந்தது. ஒரு கைதும் இல்லை, ஒரு வழக்கும் இல்லை. பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் பதிவகத்தின் கணக்குப் புத்தகத்தில் செய்த திருத்தம் அவ்வளவு சாதித்தது. சட்ட மாணவர்கள் நீதிமன்றத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இத்தகைய மாற்றங்கள் கண்ணில் படாமலே போகும்.

பதிவகம் எவ்வளவு முக்கியம் என்பதை 2010இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் வேறொரு கோணத்தில் உறுதி செய்தது. அதுவும் சுக்காரினி வழக்குதான். ‘ஆபீஸ் டிப்போ’ நிறுவனம் பெற்ற பழைய தீர்ப்புத் தொகையை வசூலிப்பது பற்றியது. தளப்பெயர் என்ற சொத்து எங்கே இருக்கிறது? அதைப் பதிந்து வைத்திருக்கும் பதிவகம் எங்கே இருக்கிறதோ அங்கே என்றது நீதிமன்றம். குற்றம் செய்பவர் எந்த ஊரில் இருந்தாலும் பெயரின் பிடி பதிவகத்தின் கையில் இருக்கிறது.

5. இறந்த பெயர்கள்

பிழையான முகவரியைத் தட்டுவது இன்று குறைந்துவிட்டது. தேடுபொறி திருத்திக் கொடுக்கிறது. கைபேசி நினைவில் வைத்துக்கொள்கிறது. ஏமாற்று வேறு வழி பிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த பெயர், உரிமையாளர் கைவிட்டதும் பொய்யாகிவிடுகிறது.

குழந்தைகளுக்குப் பணக்கணக்குக் கற்றுத்தர எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் ‘மனியாபொலிஸ்’ என்ற தளத்தை நடத்தியது. அதன் ஒரு முகவரி புதுப்பிக்கப்படாமல் போனது. ஆபாசத் தளம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. ஆசிரியர்கள் பரிந்துரைத்த பட்டியல்களில் பழைய இணைப்பு அப்படியே இருந்தது. எழுத்துப்பிழை எதுவும் தேவைப்படவில்லை. ஆசிரியர் சொன்னதைச் சரியாகத் தட்டிய பிள்ளைதான் ஏமாந்தது.

2021 ஜூலையில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. ‘விட்மீ’ என்ற காணொளித் தளம் மூடப்பட்டிருந்தது. அதன் பெயரை ஓர் ஆபாசத் தளம் வாங்கியது. ‘வாஷிங்டன் போஸ்ட்’, ‘ஹஃப்போஸ்ட்’ போன்ற இதழ்களின் பழைய கட்டுரைகளுக்குள் பதிக்கப்பட்டிருந்த விட்மீ காணொளிகளின் இடத்தில் ஒரே நாளில் ஆபாசப் படங்கள் தோன்றின. வாசகர் செய்தி இதழின் முகவரியில்தான் இருந்தார். பொய் அந்தப் பக்கத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது.

‘டாட் காம்’ போன்ற பொதுவான உயர்நிலைப் பெயரின்கீழ் உள்ள முகவரி ஒன்று காலாவதியானால், பதிவாளர் தரும் 45 நாள்வரையிலான அவகாசம், பிறகு மீட்புக்கு 30 நாள், நீக்கத்துக்கு முன் 5 நாள். அதற்குப் பிறகு முதலில் கேட்பவருக்குக் கிடைக்கும். அவர் யார், அந்தப் பெயர் முன்பு ஒரு பள்ளியின் பெயராக இருந்ததா என்று கேட்க ஆளில்லை.

தனி வேலி போடும் யோசனைகளும் முயன்று பார்க்கப்பட்டன. அமெரிக்கா 2002 டிசம்பரில் சிறுவர்களுக்கென்று தனிக் கிளைப்பெயரைச் சட்டம் போட்டு உருவாக்கியது. அதில் தளங்கள் சேராததால் 2012இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆபாசத் தளங்களுக்கென்று ‘டாட் எக்ஸ்எக்ஸ்எக்ஸ்’ 2011இல் வந்தது. அங்கே போக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியவில்லை. பல்கலைக்கழகங்கள்தான் தங்கள் பெயர் அதில் இடம்பெற்றுவிடக் கூடாதே என்று காசு கொடுத்துப் பதிவு செய்துகொண்டன.

6. இந்தியச் சட்டத்தில் உள்ள ஓட்டை

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசத்தை வெளியிடுவதைத் தண்டிக்கிறது. 67ஏ வெளிப்படையான பாலியல் காட்சிகளை. இரண்டும் உள்ளடக்கத்தைப் பார்ப்பவை. நேர்மையான பெயரும் ஏமாற்றுப் பெயரும் அவற்றின் முன் ஒன்றே. ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி பிரிவு, இன்னொருவராக நடிப்பவருக்கானது; யாராகவும் நடிக்காத ஒரு பொதுச்சொல் முகவரி அதில் அடங்குவது கடினம். போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவு குழந்தைக்கு ஆபாசத்தைக் காட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் ‘பாலியல் நோக்கம்’ இருந்ததாக நிறுவ வேண்டும். தன் நோக்கம் பணம் மட்டுமே என்று சுக்காரினி போன்ற ஒருவர் வாதாடினால் என்ன ஆகும் என்பதை இந்த அவையில் உள்ள வழக்கறிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தளப்பெயர் குறித்த நம் நாட்டின் முன்னோடித் தீர்ப்பு சென்னையில் இயங்கும் நிறுவனத்தின் வழக்கில் வந்தது. சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் ‘சிஃபி’ என்ற பெயரை ஒத்து ஒலிக்கும் பெயரை வேறொரு நிறுவனம் பதிவு செய்ததை 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தளப்பெயருக்கும் வணிகக்குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்றது. சிறப்பான தீர்ப்பு. ஆனால் அது காத்ததும் வணிகரைத்தான். ‘டாட் இன்’ பெயர்களுக்காக 2005இல் வந்த தகராறு விதிமுறையிலும் புகார் தர வேண்டியவர் அந்தப் பெயரில் உரிமை உள்ளவர். பிள்ளையின் தாய்க்கு அங்கே இடமில்லை.

நம் அரசுகள் நம்பியிருப்பது தடைப் பட்டியலை. 2015இல் 857 தளங்களை முடக்க உத்தரவு போட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் தளர்த்தினார்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற ஆணையை ஒட்டி 827 தளங்கள் முடக்கப்பட்டன. பெரிய தளமொன்று பெயரின் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு உடனே திரும்பி வந்தது. இந்த அணுகுமுறையின் உள்முரணை யாரும் பேசுவதில்லை. உள்ளே இருப்பதை வெளிப்படையாகச் சொல்லும் பெயர்தான் பட்டியலில் முதலில் ஏறுகிறது. ஒன்றும் தெரியாத சாதுவைப் போன்ற பெயர் தப்பிவிடுகிறது. அமெரிக்கச் சட்டம் நேர்மையான பெயருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நாம் நேர்மையான பெயரையே தண்டித்து, முகமூடி போடக் கற்றுக்கொடுக்கிறோம்.

தமிழில் முகவரி எழுதும் காலமும் வந்துவிட்டது. ‘டாட் இந்தியா’, ‘டாட் இலங்கை’, ‘டாட் சிங்கப்பூர்’ மூன்றையும் தமிழ் எழுத்திலேயே தர முடியும். நம் எழுத்துக்கே உரிய பொறி ஒன்று அதில் இருக்கிறது. ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியோடும் தட்டலாம். ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று ‘கெள’வாகவும் தட்டலாம். திரையில் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று; கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ‘கௌசல்யா’வையும் ‘கௌதம’ரையும் நம்மில் எத்தனையோ பேர் ளகரம் போட்டே தட்டிப் பழகியிருக்கிறோம். தமிழ் எண் ௧ ககரத்தைப் போலவும், ௭ எகரத்தைப் போலவும் தோன்றும். மலையாள உகரம் நம் உகரத்தையே ஒத்திருக்கும். பிராமி வழிவந்த எழுத்துகளுக்காக ஐகானின் கீழ் அமைந்த நிபுணர் குழு தமிழுக்கும் விதிகளை வகுத்திருக்கிறது. ஒரு பெயரைப் பதிந்ததும் அதன் தோற்ற இரட்டை பிறர் கைக்குப் போகாதபடி பூட்டுவதே அத்தகைய விதிகளின் அடிப்படை. ஒவ்வொரு பதிவகமும் தன் தளத்தில் எல்லா மட்டத்துக்கும் அதைக் கண்டிப்பாக்க வேண்டும். தமிழ் முகவரிகள் இன்னும் குறைவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது எளிது.

புதிய பிரிவு ஒன்று தேவை. அது குறுகியதாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் தெளிவின்மைக்காக 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முழுதாக ரத்து செய்ததை வரைவாளர்கள் மறக்கக் கூடாது. தெரிந்தே செய்தது, ஏமாற்றும் நோக்கம், சிறுவருக்குத் தீங்கான உள்ளடக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் குற்றம். விக்கட் நிறுவனத்தைப் போலத் தற்செயலாகச் சிக்குபவர் அதற்கு வெளியே நிற்க வேண்டும்; கல்வித் தளங்களும் மருத்துவத் தளங்களும் வெளிப்படையாக விலக்கப்பட வேண்டும். புகார் தரும் உரிமை வணிகக்குறி வைத்திருப்பவரோடு நின்றுவிடாமல் எந்தக் குடிமகனுக்கும் கிடைக்க வேண்டும். சொடுக்குக்குக் காசு கொடுக்கும் விளம்பர இடைத்தரகர்களும், எச்சரித்த பிறகும் காசு கொடுத்தால் பொறுப்பாளிகள் ஆக வேண்டும். சுக்காரினிக்கு 10 சென்ட் கொடுத்தவர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை.

அரசின் ‘டாட் கவ் டாட் இன்’ பெயர்களும் கல்வி நிறுவனங்களுக்கான ‘டாட் ஏசி டாட் இன்’ பெயர்களும் கண்டவர் கைக்குப் போவதில்லை. ஆனால் நம் ஊர்ப் பள்ளிகள் பல ‘டாட் காம்’, ‘டாட் ஆர்க்’ பெயர்களில்தான் தளம் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் யாரோ ஒரு முன்னாள் மாணவரோ கணினி ஆசிரியரோ தன் மின்னஞ்சலில் பதிவு செய்து கொடுத்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகு புதுப்பிப்பு அறிவிப்பு யாருக்கும் வராது. பள்ளிக் கல்வித் துறை தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளியின் தளப்பெயரையும், அது காலாவதியாகும் தேதியையும், யார் பெயரில் இருக்கிறது என்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.